உறைபனி முகடும் ஊர்ப்பெயர் நெறியும்

முன்னுரை

ஊரின் பெயர் அவ்வூரார் நாவில் நாள்தோறும் பலமுறை புழங்குவது. புழக்கம் மிகுந்த காரணத்தாலேயே அதன் பொருளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்ப்பெயர் பற்றிய வகுப்பொன்றில், கோச்சடையிலிருந்து வரும் மாணவர் ஒருவரிடம், “உம் ஊருக்கு அப்பெயர் வந்த காரணம் யாது?” என்று வினவினோம். அவர் சற்றே தயங்கி, “பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறோம், ஐயா” என்றார். வகுப்பில் சிரிப்பெழுந்தது. ஆயினும் அவ்விடை நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. நம்முள் பெரும்பாலோர் தத்தம் ஊர்ப்பெயர் குறித்து அதற்குமேல் சொல்ல இயலாதவர்களே.

வகுப்பு முடியும் வேளையில் அம்மாணவரே எழுந்து ஒரு வினாத் தொடுத்தார். “ஊரில் மக்கள் இருப்பதால் பெயர் வருகிறது. மக்களே இல்லாத இடத்துக்கு யார் பெயர் வைப்பார்கள்?” என்பது அவ்வினா. அதற்கு விடை தேடிச் சென்ற நாம் தென்துருவத்தின் பனிமூடிய மலைமுகடு ஒன்றைச் சென்றடைந்தோம். அங்கிருந்து மீண்டும் கோச்சடைக்கே திரும்பி வந்தோம். அப்பயணத்தில் கண்டவற்றை மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் முறையே எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனி மூடிய பெருநிலம்

தென்துருவத்தைச் சூழ்ந்துள்ள அண்டார்க்டிகா கண்டம் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்டது எனலாம். இப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு நிலையான பனிக்கட்டியால் மூடப்பட்டுள்ளது. பனிக்கட்டியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அங்குக் குடிமக்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்த மொழியும் இல்லை. ஆய்வு நிலையங்களில் சில காலம் தங்கித் திரும்புவோர் மட்டுமே உளர்.

இக்கண்டத்தின் மேற்குப் பகுதியில், பசிபிக் பெருங்கடலை நோக்கி அமைந்த பெருநிலத்துக்கு மேரி பேர்டு நிலம் என்பது பெயர். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ரிச்சர்டு பேர்டு 1929ஆம் ஆண்டில் வானூர்தியிலிருந்து இப்பகுதியைக் கண்டு, தம் துணைவியார் பெயரை இட்டார். உலகில் எந்த நாடும் உரிமை கோராத நிலப்பகுதிகளுள் இதுவே மிகப் பெரியது.

அந்நிலத்தின் ஹாப்ஸ் கடற்கரையை ஒட்டி, பெரும்பகுதி பனியால் மூடப்பட்ட அகன்ற உயர்நிலம் ஒன்று உள்ளது. அதனை மெக்டொனால்டு உயர்நிலம் என்பர். அவ்வுயர்நிலத்தின் தென்மேற்கு விளிம்பு செங்குத்தான பாறை முகப்புகளாக இறங்குகிறது. அவ்விளிம்புத் தொடருக்கு எரிக்சன் பாறைகள் என்பது பெயர். அத்தொடரின் ஒரு முனையில் கில்பர்ட் பாறை நிற்கிறது. மறுமுனையாகிய தென்கிழக்குக் கோடியில் 990 மீட்டர் உயரமுள்ள மலை நிற்கிறது. அதன் பெயர் சின்ஹா மலை. தென் அகலாங்கு 75 பாகை, மேற்கு நெட்டாங்கு 136 பாகை என்னும் அளவில் அமைந்த அம்மலைக்கு ஓர் இந்தியரின் பெயர் வந்தது எங்ஙனம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முகட்டின் இயல்பு

பனிநிலத்து மலைமுகடு நாம் அறிந்த மலைகளைப் போன்று தோன்றுவதில்லை. அங்கு விழும் பனித்துகள் உருகுவதில்லை. ஆண்டுதோறும் படலத்தின்மேல் படலமாகப் படிந்து, தன் எடையாலேயே அழுந்திக் கட்டிப்பட்டுப் பனிக்கட்டியாகிறது. அவ்வாறு கட்டிப்பட்ட பனி அசையாது கிடப்பதுமன்று. உயர்ந்த இடத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. மலையில் பெய்த மழை திரண்டு ஆறாக ஓடுவதுபோல, பனி திரண்டு பனியாறாக நகர்கிறது. நீர் ஒரு நாளில் கடக்கும் தொலைவைக் கடக்கப் பனிக்குப் பல்லாண்டுகள் வேண்டும் என்பதே வேறுபாடு.

உயர்நிலத்தின் மேற்பரப்பு சமமாக இருப்பதால் அங்குப் பனி தங்குகிறது. விளிம்பு செங்குத்தாக இறங்குமிடத்தில் பனி ஒட்டி நிற்க இயலாது சரிகிறது. எஞ்சியதைக் காற்று வாரிச் செல்கிறது. எனவே மேற்புறத்திலிருந்து வருவோர்க்கு அது வெண்மையான சமவெளியாகவே தோன்றும். கீழ்ப்புறத்திலிருந்து நோக்குவோர்க்கே கருமையான பாறைச் சுவர் தென்படும். ஒரே முகடு நோக்கும் திசைக்கேற்ப வெளியாகவும் மலையாகவும் காட்சியளிக்கிறது. இத்தகைய நிலத்தில் நடந்து சென்று எல்லை காண்பது எளிதன்று. அதனாலேயே அமெரிக்க நில அளவைத் துறையினர், கள அளவைகளோடு 1959 முதல் 1965 வரை அந்நாட்டுக் கடற்படை வானிலிருந்து எடுத்த படங்களையும் துணையாகக் கொண்டு இப்பகுதியின் நிலப்படத்தை வரைந்தனர்.

மூவர் பெயர் தாங்கிய தொடர்

நிலப்படம் வரையப்பட்ட பின்னரும் அங்குள்ள பல மலைகள் பெயரின்றியே நின்றன. 1971–72ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் சவுத்விண்டு என்னும் பனி உடைக்கும் கப்பல் பெலிங்ஷாசன், அமுண்ட்சென் என்னும் தென்கடல்களுக்குச் சென்றது. அக்கப்பலில் உயிரியல் அறிஞர் குழு ஒன்று இருந்தது. கப்பலின் இரண்டு ஹெலிகாப்டர்களையும் துணையாகக் கொண்டு, மிதக்கும் கடற்பனியினிடையே வாழும் கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் கணக்கிடுவது அக்குழுவின் பணி. குழுவின் தலைவர் ஆல்பர்ட் எரிக்சன். உறுப்பினர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கில்பர்ட். மற்றொருவர் அகௌரி சின்ஹா. இவர் பீகாரில் பிறந்து, அலகாபாத்திலும் பாட்னாவிலும் பயின்று, அமெரிக்காவின் மினசோட்டாவில் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

அண்டார்க்டிகப் பெயர்களுக்கான அமெரிக்க அறிவுரைக் குழு, அவர்களுடைய பணியைப் போற்றும் வகையில் அப்பாறைத் தொடருக்கு அவர்கள் பெயர்களை இட்டது. தலைவர் பெயர் நெடுந்தொடருக்கும், உடன் சென்ற இருவர் பெயர்கள் அதன் இரு முனைகளுக்கும் அமைந்தன. ஒரே கப்பலில் ஒரே பணிக்காகச் சென்ற மூவரும் நிலப்படத்திலும் அருகருகே நிற்கின்றனர்.

சின்ஹா அம்மலையை வென்று கொடி நாட்டியதற்காக இப்பெயர் பெற்றவர் அல்லர். உயிரினங்களை எண்ணிக் கணக்கெழுதியதற்காகப் பெற்றவர். அவ்வெண்ணிக்கை சிறு பணியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்கடல்களின் உரோமக் கடல்நாய்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழியும் நிலையை எய்தின. அந்நிலை மீண்டும் நேராதிருக்க, அண்டார்க்டிகக் கடல்நாய்களைக் காக்கும் உடன்படிக்கை 1972ஆம் ஆண்டில் இலண்டனில் கையெழுத்தாயிற்று. எத்தனை உள்ளன என்பதை அறியாதவன் எதனையும் காக்க இயலாது.

இங்கு மற்றொரு பெயரையும் நோக்குதல் தகும். அக்கடல்களில் மிகுதியாக வாழும் கடல்நாய் இனத்துக்கு ஐரோப்பியர் ‘நண்டுண்ணி’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். ஆனால் அது நண்டு உண்பதில்லை. கிரில் எனப்படும், இறால் போன்ற சிற்றுயிர்களையே தன் சல்லடைப் பற்களால் வடித்து உண்கிறது. பிழையென்று அறிந்த பின்னரும் அப்பெயர் மாறவில்லை. ஒருமுறை வழக்கில் நிலைபெற்ற பெயரை மாற்றுவது எத்துணை அரிது என்பதற்கு இது சான்று. பெயரிடும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் பாடமும் இதில் உண்டு.

பெயரிடும் நெறி

ஆளில்லா நிலத்துக்குப் பெயரிடுவோர் தம் விருப்பம்போல் இட்டுவிடலாகாது என்பதற்காக நெறிகள் வகுக்கப்பட்டன. மேற்கூறிய அமெரிக்கக் குழு நிலவுருக்களை மூன்று வகையாகப் பகுத்துக்கொண்டது. பெருநிலம், பெருமலைத்தொடர் போன்றவை முதல் வகை. தனி மலை முதலியன அடுத்த நிலையின. சிறு பாறை, சிறு முனை போன்றவை கடைநிலையின. ஒருவருடைய தொண்டின் அளவுக்கேற்ப அவர் பெயர் பெறும் நிலவுருவின் அளவும் அமையும். உறவு, நட்பு ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி முன்மொழியப்படும் பெயர்களை அக்குழு தகுதியற்றவையாகக் கருதியது. விற்பனைப் பொருள்களின் பெயர்களையும், பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களின் பெயர்களையும் விலக்கியது. பேர்டு தம் துணைவியார் பெயரை இட்ட காலத்தில் இந்நெறி இருந்திருப்பின் அப்பெயர் ஏற்கப்பட்டிருக்குமோ என்று நம் மாணவர் வினவக்கூடும். நெறிகள் பெரும்பாலும் பெயர்களுக்குப் பின்னரே பிறக்கின்றன என்பதே அதற்கு விடை.

அவ்வாறு ஏற்கப்பட்ட பெயருக்குரிய பதிவினைப் படிக்கும்போது அதில் ஐந்து செய்திகள் இருத்தலைக் காண்கிறோம். அவ்விடம் எங்குள்ளது என்பது ஒன்று. அது எவ்வாறு தோன்றுகிறது என்பது இரண்டு. அதனைக் கண்டு அளந்தவர் யார் என்பது மூன்று. பெயரிட்டவர் யார் என்பது நான்கு. அப்பெயர் இட்டதன் காரணம் யாது என்பது ஐந்து. நான்கைந்து வரிகளில் அமைந்த இச்சிறு பதிவே சின்ஹா மலையின் வரலாறு முழுவதையும் நமக்கு அளித்தது. இவ்வைந்தையும் நினைவிற் கொள்ளுமாறு மாணவரை வேண்டுகிறோம். பின்னர் இவை நமக்குப் பயன்படும்.

பெயரிடுதல் உரிமை கொள்ளுதல் ஆகாது என்பதும் அறியத்தக்கது. 1959ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் கையெழுத்தாகி, 1961இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, அக்கண்டத்தில் நாடுகளின் நில உரிமைக் கோரிக்கைகளை அவை இருந்த நிலையிலேயே நிறுத்தி வைத்தது. உடன்படிக்கை நடைமுறையில் உள்ளவரை அங்கு நிகழும் எச்செயலும் புதிய உரிமைக்கு அடிப்படையாகாது. ஆகவே அங்கு இடப்படும் பெயர் பட்டாவன்று. ஒருவர் ஆற்றிய பணிக்குரிய சான்று மட்டுமே.

சென்றவர், வரைந்தவர், பணம் கணக்கிட்டவர்

எல்லாப் பெயர்களும் இத்தூய நோக்கில் இடப்பட்டன என்று கூறுவதற்கில்லை. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் அமைந்துள்ள பகுதியின் பெயர்களே இதனை உணர்த்தும்.

1938–39ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியக் குழு ஒன்று ஆல்பிரட் ரிட்ஷர் தலைமையில் ஷ்வாபன்லாண்டு என்னும் கப்பலில் அங்குச் சென்றது. கப்பலிலிருந்து ஏவப்பட்ட இரண்டு கடல் வானூர்திகள் பல்லாயிரம் வான்படங்களை எடுத்தன. நாஜி அரசின் சின்னம் பொறித்த உலோக அம்புகளை அவை பனியின்மேல் எறிந்தும் வந்தன. அம்புகள் நில உரிமைக்கு அடையாளமாம். அவ்வரசு 1945இல் வீழ்ந்தது. அம்புகள் பனியில் மறைந்தன. ஆயினும் அக்குழு இட்ட பெயர்கள் நிலைத்துவிட்டன.

பனியற்ற சிறு பாறைநிலத்தை வானிலிருந்து கண்ட வானோட்டி ஷிர்மாக்கர். அது ஷிர்மாக்கர் பாலைச்சோலை எனப்பட்டது. வான்படங்களைக் கொண்டு நிலப்படம் வரைந்தவர் ஓட்டோ ஃபான் குரூபர். அருகிலுள்ள மலைகள் குரூபர் மலைகள் எனப்பட்டன. பயணத்தின் நிதிப் பொறுப்பைக் கவனித்த அரசு அலுவலர் வோல்தாட். அவர் பெயரோ அப்பகுதியின் பெருமலைத் திரளுக்கே சென்றடைந்தது.

கண்டவருக்குக் குறுநிலம், வரைந்தவருக்கு மலை, கணக்குப் பார்த்தவருக்குப் பெருமலைத் திரள் என்றமைந்த இவ்வரிசை சிந்தனைக்குரியது. நிலப்படத்தில் பெயரின் அளவைக் கொண்டு தொண்டின் அளவை மதிப்பிட முடியாது. பெயருக்குப் பின்னே நின்ற காரணத்தை அறிந்தாலன்றி அப்பெயர் நமக்கு எதனையும் கற்பிப்பதில்லை.

இந்தியர் இட்ட பெயர்கள்

அப்பகுதிக்கு இந்தியா அனுப்பிய முதற் குழுவின் தலைவர் அறிஞர் சையது ஜகூர் காசிம். அலகாபாத்தில் 1926இல் பிறந்து, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்று, கடலியல் அறிஞராக உயர்ந்தவர். பிற்காலத்தில் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் விளங்கினார். அவர் தலைமையில் 21 பேர் 1981ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் என்னும் நார்வேக் கப்பலில் புறப்பட்டு, 1982ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அண்டார்க்டிகாவில் இறங்கினர். 1983இல் இந்தியா அண்டார்க்டிக உடன்படிக்கையில் இணைந்தது.

1983–84இல் அமைக்கப்பட்ட நம் முதல் நிலையத்துக்குத் தட்சிண கங்கோத்ரி என்று பெயரிடப்பட்டது. தென்திசைக் கங்கோத்ரி என்பது பொருள். கங்கை பிறக்கும் இமயத்துப் பனியை நினைந்து இட்ட பெயர் அது. கடலின்மேல் நீண்டு கிடந்த பனித்திட்டின்மீது கட்டப்பட்டமையால், அந்நிலையம் ஆண்டுதோறும் படிந்த பனியில் மெல்ல அமிழ்ந்தது. 1990இல் அது கைவிடப்பட்டது. அதற்குள்ளாகவே ஷிர்மாக்கர் பாலைச்சோலையின் பாறைமீது மைத்ரி என்னும் நிலையம் எழுந்துவிட்டது. மைத்ரி நட்பைக் குறிக்கும் சொல். 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் பாரதி நிலையம் அமைந்தது.

கட்டடம் பனிக்குள் புதைந்தது, பெயர் புதையவில்லை. அப்பகுதியில் உள்ள பனியாறு ஒன்று இன்றும் தட்சிண கங்கோத்ரி பனியாறு என்றே வழங்கப்படுகிறது. தன் நாட்டு ஆற்றை நினைந்து ஒருவர் இட்ட பெயர், அவர் கட்டிய கூரையைக் காட்டிலும் நெடிது வாழ்கிறது. ஜெர்மானியர் எறிந்த அம்புகளையும் நம்மவர் இட்ட பெயரையும் ஒப்பிட்டு நோக்கினால், எது நிலைக்கும் என்பது விளங்கும்.

தமிழில் முகடு

இனி நம் மொழியை நோக்குவோம். பனிநிலம் தமிழர் வாழ்ந்த நிலமன்று. ஐந்திணைப் பாகுபாட்டிலும் அதற்கு இடமில்லை. தமிழில் ‘பனி’ என்பது அடிப்படையில் குளிர்ச்சியையும் காலைத் துளியையும் குறித்த சொல். முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கும் அதனைக் கொண்டே பெயரிட்டோம். குளிரால் உடல் நடுங்குதலையும் ‘பனித்தல்’ என்றனர் முன்னோர். ஆயினும் வடக்கே பனி உறைந்த இமயம் உண்டு என்பதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர். இன்று நாம் பனிக்கட்டி, உறைபனி, பனிப்பாறை, பனியாறு என்றெல்லாம் வழங்குவன அவ்வொரு சொல்லினின்று விரிந்தவையே.

மலையைக் குறிக்கவோ நம்மிடம் சொற்கள் மிகப் பல. குன்று, பொறை, பொருப்பு, வெற்பு, சிலம்பு, அடுக்கம், ஓங்கல் என அவை நீளும். அவற்றுள் இரண்டு சொற்கள் நம் ஆய்வுக்கு மிகவும் உரியவை. ஒன்று ‘கோடு’, மற்றொன்று ‘வரை’. கோடு என்பது மலைமுகட்டையும் குறிக்கும், எழுதும் கோட்டையும் குறிக்கும். திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயரில் அது மலையாகவே நிற்கிறது. வரை என்பது மலையையும் குறிக்கும், எல்லையையும் வரைதலையும் குறிக்கும். தொலைவில் நின்று நோக்குவோர்க்கு மலைத்தொடர் வானத்தின் விளிம்பில் இழுத்த கோடாகவே தோன்றும். அக்காட்சியைச் சொல்லுக்குள்ளேயே வைத்த மொழி நம்முடையது. பனிமூடிய முகட்டைப் ‘பனிக்கோடு’ என்றும், பனி மூடிய மலையைப் ‘பனிவரை’ என்றும் நாம் வழங்கினால் கடன் வாங்க வேண்டியதில்லை.

பனிப்பரப்பின் நடுவே தலைநீட்டி நிற்கும் பாறைமுனையை உலக நிலவியலார் அனைவரும் ‘நுனாடக்’ என்கின்றனர். இது கிரீன்லாந்து மக்களாகிய இன்யூட் இனத்தார் சொல். வடதுருவப் பகுதியில் மனிதர் வாழ்ந்தனர். வாழ்ந்தமையால் சொல் பிறந்தது. அச்சொல்லே தென்துருவத்துக்கும் சென்றது. நிலத்தைக் கூர்ந்து நோக்கி வாழ்ந்தவன் இட்ட சொல் உலகச் சொல்லாகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கோச்சடையிலிருந்து மேற்கே நோக்கினால் நாகமலை நீண்டு கிடப்பதைக் காணலாம். படுத்திருக்கும் பாம்பின் முதுகுபோல நெடுந்தொலைவு செல்லும் முகடு அது. மதுரைக்கு வடகிழக்கே யானைமலை, அமர்ந்த யானையின் வடிவில் நிற்கிறது. இப்பெயர்களை இட்டவர் யார் என்று எந்தப் பதிவிலும் இல்லை. எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை. வயலில் நின்று நிமிர்ந்து நோக்கிய மக்களின் கண்ணே பெயரிட்டது. தனிமனிதர் பெயரை மலைக்கு இட்டால் காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும். நாகமலைக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. மலையே காரணத்தைச் சொல்கிறது.

மதுரைச் சமவெளியின் பெயர்கள்

ஆயினும் எல்லா ஊர்ப்பெயர்களும் நாகமலை போலத் தம் காரணத்தைத் தாமே சொல்வதில்லை. கோச்சடை என்னும் பெயரைக் கேட்டதும் எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பாண்டியன் கோச்சடையன் ரணதீரன் நினைவுக்கு வருகிறான். வேள்விக்குடிச் செப்பேடு அவனைப் போற்றுகிறது. அவன் பெயரே ஊர்ப்பெயராயிற்று என்று கருதுவோர் உளர். ஆனால் ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகாது என்பதை மாணவர் மறத்தலாகாது. மனிதர் வாழாத சின்ஹா மலைக்குக் காரணம் எழுதப்பட்டிருக்க, தலைமுறைகள் வாழ்ந்துவரும் கோச்சடைக்கு நாம் ஒலியைக் கொண்டு ஊகிக்கும் நிலையில் இருக்கிறோம். இதுவே நம்மைச் சுட்டது.

கோச்சடைக்குத் தெற்கே அணித்தே உள்ளது மாடக்குளம். பாண்டியர் கல்வெட்டுகளில் ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று மதுரை குறிக்கப்படுகிறது. தலைநகரத்தையே அதன் குளத்தைக் கொண்டு அடையாளம் காட்டிய காலம் அது. இன்றோ மதுரையைக் கொண்டு மாடக்குளத்தைக் காட்டுகிறோம். தல்லாகுளம் என்கிறோம், பெயரில் குளம் இருக்கிறது, கண்முன்னே கட்டடங்கள் நிற்கின்றன. வையையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையத்தில் அடக்கத்தலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் தமிழ்ப் பாளையமும் கைகோத்து நிற்கின்றன. காஜிமார் தெருவில் அரபுச் சொல்லோடு தமிழ்ப் பன்மை விகுதி இணைந்துள்ளது. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்று ஆவணம்.

ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து அறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை எழுதிய ‘ஊரும் பேரும்’ இத்துறைக்கு வழிகாட்டி. அவர் பெரும்பாலும் ஊர்களின் பெயரை ஆராய்ந்தார். ஊருக்குள் உள்ள சிறு பெயர்கள் நம் கைக்கு எஞ்சியுள்ளன. கண்மாயின் ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் உண்டு. கலுங்குக்கும் வாய்க்காலுக்கும் வயற்பரப்புக்கும் களத்துமேட்டுக்கும் பெயர்கள் உண்டு. அவை எந்நிலப்படத்திலும் ஏறாதவை. முதியோர் நாவில் மட்டும் வாழ்பவை. வயல் மனையாகும்போது அங்கு நட்ட கல்லில் புதிய நகரின் பெயர் ஏறுகிறது. மடையின் பெயர் முதியவரோடு மறைகிறது. எவரும் அதனை அழிக்கவில்லை. கேட்பார் இன்மையால் அது அழிகிறது.

செய்யத்தக்கது

தென்துருவப் பதிவில் கண்ட ஐந்து செய்திகளையும் நம் சமவெளிக்கு ஏற்றவாறு கொள்ளலாம் என்பது எம் கருத்து. மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊரின் ஒரு கண்மாயையோ குன்றையோ தெருவையோ எடுத்துக்கொள்க. அது எங்குள்ளது, எவ்வாறு தோன்றுகிறது, பெயரைச் சொன்ன பெரியவர் யார், அவர் எவரிடம் கேட்டறிந்தார், பெயருக்கு அவர் கூறும் காரணம் யாது என்னும் ஐந்தையும் ஒரே தாளில் எழுதுக. காரணம் கூற அவர் அறியாராயின் அதனையும் அவ்வாறே எழுதுக. கற்பித்து நிரப்புதல் வேண்டா; நண்டுண்ணியின் கதை நம்முன் உள்ளது.

பெயரை எழுதும்போது அவ்வூரார் ஒலிக்குமாறே எழுதுதல் வேண்டும். இவ்வகையில் நமக்கு முன்னோடியாக விளங்குபவர் பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி. பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே மலையொன்றின் உயரத்தை அளந்து, அதனைக் கொண்டு நிலவுலகின் அளவையே கணக்கிட்டவர் அவர். அத்துணைப் பெரிய அளவையாளர், இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஒரு சிறு இடர்ப்பாட்டையும் மறைக்காது குறித்துள்ளார். இந்நாட்டார் வாயிலிருந்து சொற்களைக் கவனத்துடன் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரும், அவற்றைத் தாம் திருப்பிச் சொன்னபோது அவர்களால் எளிதில் அடையாளம் காண இயலவில்லை என்கிறார். உலகை அளந்தவர் ஒரு சொல்லின் ஒலிக்காகக் கவலையுற்றார். அக்கவலையே ஆய்வாளரின் முதல் தகுதி.

ஊர்ப் பெரியோர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாணவர் ஏடும் எழுதுகோலுமாகத் தங்கள் வாயிலில் வந்து நின்று மடையின் பெயரையும் தெருவின் பெயரையும் வினவினால், “இதெல்லாம் எதற்கு, தம்பி?” என்று அனுப்பிவிடாது, சற்றே அமர்த்தி அறிந்தவற்றைச் சொல்லுதல் வேண்டும். தாங்கள் சொல்லாத பெயரை வேறு எந்நூலிலும் அவர் காண முடியாது.

நிறைவுரை

மக்களே இல்லாத இடத்துக்கு யார் பெயர் வைப்பார்கள் என்னும் வினாவோடு தொடங்கினோம். அங்குச் சென்று உழைத்தவர்க்காகப் பிறர் கூடி, காரணம் எழுதிப் பெயர் வைக்கின்றனர் என்பது நாம் கண்ட விடை. மக்கள் வாழும் இடத்தில் கண்ணும் நாவும் பெயர் வைக்கின்றன, காரணம் எழுதப்படுவதில்லை. முன்னதில் எழுத்து உண்டு, வழக்கு இல்லை. பின்னதில் வழக்கு உண்டு, எழுத்து இல்லை. வழக்கும் எழுத்தும் ஒருங்கே அமையும் இடத்தில்தான் பெயர் தன் பொருளோடு அடுத்த தலைமுறைக்குச் செல்லும். நம் சமவெளிக்கு வழக்கு இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. எழுத்தைச் சேர்ப்பது நம் கடன்.

எரிக்சன் பாறைகளின் கோடியில் நிற்கும் அம்மலையை ‘சின்ஹா’ என்று நாள்தோறும் அழைப்பார் அங்கு எவருமில்லர். கோச்சடையிலோ பேருந்து நடத்துநர் நாளொன்றுக்குப் பலமுறை அவ்வூரின் பெயரைக் கூவுகிறார். வினாத் தொடுத்த அம்மாணவர் தம் முதல் தாளை எழுதத் தொடங்கியுள்ளார். மாடக்குளம் கண்மாயின் மடைகளைப் பற்றியது அது. முதல் வரியில் இருப்பிடத்தையும், இரண்டாம் வரியில் தோற்றத்தையும் எழுதி முடித்துவிட்டார். மூன்றாம் வரிக்காகத் தம் பாட்டனாரைக் கேட்கச் சென்றுள்ளார். ஏனைய மாணவரும் அவரைப் பின்பற்றுவாராக.